நெல் அவித்த வீடு

தமிழ்நாட்டில் அரிசி இருவகைப்படும். விளைந்த நெல்லை வெயிலில் காயவைத்து அப்படியே குத்தி எடுத்தால் அது பச்சரிசி. அதே நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, மீண்டும் உலர்த்திக் குத்தினால் அது புழுங்கலரிசி. வேறுபாடு இவ்வளவே. கடைத்தெருவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து மூட்டைகளில் இருக்கின்றன. வாங்குகிறவர் தம் வீட்டு வழக்கப்படி கேட்டு வாங்கிப் போகிறார். ஆனால் இந்த ஓர் அவிப்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல் கடந்த நாட்டில் உழைக்கப் போன நம்மவர் பலரை ஒரு கொடிய நோயினின்று காத்து நின்றது. அதன் காரணத்தைத் தெளிவாக அறிந்துகொள்ள மருத்துவ உலகம் பல ஆண்டுகள் தடுமாறியது. அந்த வரலாற்றைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது மருத்துவர்களின் வரலாறு மட்டும் அன்று. நெல் அவித்த நம் வீட்டுப் பெண்களின் வரலாறும் ஆகும்.

முதலில் அந்தத் தொழிலைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில், இன்று நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களில் பலர் வீட்டு முற்றத்தில் நெல் அவிப்பதைக் கண்ணால் கண்டதில்லை.

நெல் அவிப்பதென்பது ஒரு நாள் வேலை அன்று. குதிரிலிருந்தோ பத்தாயத்திலிருந்தோ வேண்டிய நெல்லை மரக்காலால் அளந்து எடுத்து, தூற்றிப் பதர் நீக்கி, பெரிய மிடாவிலோ தொட்டியிலோ ஊறப் போடுவார்கள். சில வீடுகளில் ஓரிரவு ஊறும். சில வீடுகளில் இரண்டு மூன்று நாள் ஊறும். நாள் கூடினால் நீர் புளித்து நாற்றம் எடுக்கும். அந்த நாற்றம் அரிசியிலும் ஏறிச் சோற்றிலும் வந்து நிற்கும். ஆகையால் கருத்துள்ளவர்கள் இடையில் நீரை மாற்றுவார்கள். பிறகு அண்டாவின் அடியில் சிறிது நீர் விட்டு, ஊறிய நெல்லைக் கொட்டி, வாயை ஈரச்சாக்கால் மூடி அடுப்பேற்றுவார்கள். எரிப்பதற்குப் பெரும்பாலும் உமியும் பதரும் சருகுமே. விறகைச் செலவிட்டு நெல் அவிக்கும் வீடு செட்டான வீடு அன்று என்பது அக்காலத்துத் தீர்ப்பு. ஆவி மேலே வந்து, உமி இலேசாக வாய் பிளக்கும் சமயத்தில் இறக்கவேண்டும். முந்தினால் அரிசியின் நடுவில் வெண்புள்ளி நிற்கும். பிந்தினால் அரிசி உமியை விட்டுப் பிதுங்கும், நிறமும் பழுக்கும். ஒருமுறை அவித்து எடுப்பதும் உண்டு. சூடேற்றி ஊறவைத்து மறுபடி அவிப்பதும் உண்டு. ஒரு புழுங்கல், இரு புழுங்கல் என்று இவற்றுக்குப் பெயர்.

இதைவிட நுட்பமான வேலை உலர்த்துவது. அவித்த நெல்லைக் களத்திலோ முற்றத்திலோ பரப்பி, காலால் வரிவரியாகத் துழாவிக் கொடுப்பார்கள். காக்கை குருவிகளை ஓட்டக் குழந்தைகள் கையில் ஒரு கோலுடன் திண்ணையில் உட்காரவைக்கப்படுவார்கள். கடும் வெயிலில் ஒரே மூச்சில் காயவிட்டால் அரிசிக்குள் விரிசல் விழுந்து, உலக்கை பட்டதும் நொறுங்கிவிடும். ஆதலால் பாதிப் பதத்தில் நெல்லை அள்ளிக் குவித்து நிழலில் சற்று ஆறவிட்டு, மீண்டும் பரப்புவார்கள். பதம் பார்க்கும் கருவி பல்தான். ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்ப்பார் வீட்டுப் பெரியவள். மெத்தென்றால் இன்னும் காயவேண்டும். கடுக்கென்று முறிந்தால் போதும். தூளாக உதிர்ந்தால் கெட்டது காரியம். என் பாட்டியார் கடிக்கும்போது அருகிலிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவருக்கு அந்த ஓசை கேட்கவேண்டும்.

பிறகு உரல். நெல் சிதறாமல் உரலின்மேல் குந்தாணியை வைத்து, பெண்கள் இருவர் எதிரெதிரே நின்று மாறி மாறி உலக்கை போடுவார்கள். முதற்குத்தில் உமி கழலும். முறத்தில் புடைத்து உமியைப் போக்கி, மறுபடி உரலில் இட்டுத் தீட்டினால் தவிடு கழலும். எவ்வளவு தீட்டுவது என்பது வீட்டின் நிலையையும் கையின் வலுவையும் பொறுத்தது. குத்தியதில் ஒரு பொருளும் வீணாவதில்லை. அரிசி பானைக்கு, நொய் கஞ்சிக்கு, தவிடு மாட்டுக்கு, உமி அடுப்புக்கு. எரிந்த உமியின் கரி பல் விளக்க.

இந்தத் தொழில் எவ்வளவு பழமையானது? உரலும் உலக்கையும் மிகப் பழையவை என்பதில் ஐயமில்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிப் பெண்கள் புல்லரிசியை நிலத்தில் அமைத்த உரலில் இட்டுக் குத்தும் காட்சி வருகிறது. அதே நூலில், ஏணியும் எட்டாத உயரமுள்ள நெற்கூடுகளும் வருகின்றன. உலக்கைப் பாட்டுக்கு வள்ளைப் பாட்டு என்ற பெயர் இட்டு ஓர் இலக்கிய வகையாகவே நம் முன்னோர் போற்றினர். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அவ்வகைப் பாட்டு இடம் பெற்றிருக்கிறது. ஆனால் நெல்லை அவிக்கும் வழக்கத்துக்கு இவ்வளவு தெளிவான சான்று காட்டுவது எளிதன்று. புழுக்கு, புழுக்கல் என்னும் சொற்கள் பழைய நூல்களில் இருக்கின்றன என்பது உண்மையே. எனினும் அவை வெந்த உணவையும் சோற்றையும் குறிப்பன. அவற்றைக் கொண்டு சங்க காலத்திலேயே புழுங்கலரிசி இருந்தது என்று சாதிப்பது முறையாகாது. ஆர்வம் மிகுந்த சிலர் அவ்வாறு எழுதுவதைக் காண்கிறேன். சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயில் திருவமுதுக்கு நெல் அளக்கும் இடங்களில், ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்னும் கணக்கு காணப்படுகிறது. வீடுகளில் பொதுவாக வழங்கிய கணக்கு இரண்டுக்கு ஒன்று. கடவுளுக்குப் படைக்கும் அரிசியை நன்றாகத் தீட்டி வெளுப்பாக்கியிருப்பார்கள் என்று இந்தக் கணக்கிலிருந்து ஊகிக்கலாம். இன்றும் படையலுக்கும் பொங்கலுக்கும் பச்சரிசியே வழக்கம். அவித்த நெல் முன்பே ஒருமுறை வெந்தது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆக, தெய்வத்துக்குப் பச்சரிசி, உழைப்பவனுக்குப் புழுங்கலரிசி என்று ஒரு பாகுபாடு நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவி வந்திருக்கிறது. சில சமூகத்தார் நாள்தோறும் பச்சரிசியே உண்டனர். புழுங்கலரிசி உண்பதைச் சற்றுத் தாழ்வாகக் கருதிய காலமும் உண்டு.

அப்படியானால் இவ்வளவு பாடுபட்டு நெல்லை ஏன் அவித்தார்கள்? கேட்டால் பெண்கள் சொல்லும் காரணங்கள் எளியவை. அவித்த நெல்லில் உமி சுலபமாகக் கழலும், அரிசி உடையாது, வண்டு எளிதில் விழாது, சோறு குழையாமல் நிற்கும், இரவில் நீர் ஊற்றி வைத்தால் காலைப் பழையதுக்கு அதுதான் ஏற்றது. இவை யாவும் உண்மை. அவிக்கும்போது அரிசியின் மாவுப்பொருள் இளகி இறுகுவதால், உள்ளே முன்பே இருந்த விரிசல்களும் ஒட்டிக்கொள்கின்றன என்று இன்றைய அறிவியல் இதற்கு விளக்கம் தருகிறது. இன்னொரு காரணமும் இருந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம். காவிரிப் படுகையில் குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வருபவை. களத்தில் நனைந்த நெல் இரண்டு நாளில் முளைவிட்டுவிடும். அதைக் காப்பாற்ற வீட்டுப் பெண்ணிடம் இருந்த ஒரே வழி, உடனே அடுப்பேற்றி அவித்துவிடுவது. தேவை கற்பித்த பாடம் பிறகு சுவையாக மாறியிருக்கக்கூடும்.

ஆனால் இந்தக் காரணங்களுள் எதிலும் நோயைப் பற்றிய பேச்சு இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அவித்தவர்களும் அதை அறியார், உண்டவர்களும் அறியார்.

இப்போது ஆலைகளின் காலத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரங்கூன், பாங்காக், சைகோன் ஆகிய துறைமுகங்களில் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் எழுந்தன. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் அரிசி வாணிகம் பெருகிற்று. உரலில் தீட்டும் அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டே இருக்கும். எந்த உலக்கையும் அதை முழுவதும் நீக்காது. இயந்திரமோ தவிட்டைத் துடைத்தெடுத்துவிட்டது. முத்துப்போல் வெளுத்த அரிசி, அதுவும் மலிவான விலையில், சுரங்கங்களுக்கும் சிறைகளுக்கும் படை முகாம்களுக்கும் சென்றது. அதன் பின்னாலேயே பெரிபெரி என்னும் நோயும் சென்றது.

அந்நோய் கண்டவனுக்கு முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடல் வற்றும். சிலருக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் ஓய்ந்துவிடும். கிருமியால் வருவது என்று முதலில் நம்பினர். அக்காலத்தில் எந்நோய்க்கும் ஒரு கிருமியைத் தேடுவதே வழக்கமாக இருந்தது.

டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில், பத்தேவியா நகரில் ஐக்மன் என்னும் மருத்துவர் இந்நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து விழத் தொடங்கின. சில மாதங்களில் தாமாகவே தேறியும் விட்டன. விசாரித்தபோது செய்தி வெளிப்பட்டது. கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைச் சிலகாலம் போட்டிருந்தார்கள். பிறகு புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்துச் சோற்றை இராணுவம் சாராத கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார்! சமையற்கட்டில் இருந்த ஒருவரின் கண்டிப்பு மருத்துவ வரலாற்றில் ஒரு கதவைத் திறந்தது. தொடர்ந்து, சிறைகளை மேற்பார்வையிட்ட வோர்டர்மன் என்பவர் ஜாவாவில் நூறு சிறைகள் வரையில் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி தந்த சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் நோய். தீட்டாத அரிசி தந்த சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர் வீதம். இருந்தும், அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றே ஐக்மன் எண்ணினார். தவிட்டில் உடலுக்கு இன்றியமையாத ஒரு பொருள் இருக்கிறது, அது இல்லாமையே நோய் என்று 1901-இல் சொன்னவர் அவருக்குப் பின் அங்கே பணியாற்றிய கிரைன்ஸ்.

இந்த வரலாற்றில் தமிழர் நுழைவது மலாய் நாட்டில். அங்கே ஈயச் சுரங்கங்களில் சீனரும், தோட்டங்களிலும் சாலை வேலையிலும் தமிழரும் உழைத்தனர். மலாய் மக்கள் தம் ஊர்களில் நெல் விளைவித்து வாழ்ந்தனர். மூவருக்கும் உணவு சோறுதான். ஆனால் பெரிபெரி சீனத் தொழிலாளரையே ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போயிற்று. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர், மூவரும் உண்ணும் அரிசியை ஒப்பிட்டுப் பார்த்து 1907-இல் ஒரு நூல் வெளியிட்டார். மலாய் மக்கள் அவ்வப்போது வீட்டில் குத்திய அரிசியை உண்டனர். சீனர் சயாமிலிருந்து வந்த ஆலை வெள்ளரிசியை உண்டனர். தமிழரும் கடல் கடந்து வந்த அரிசியைத்தான் உண்டனர். ஆனால் அது புழுங்கலரிசி. ஊரில் உண்ட சோற்றையே அங்கும் அவர்கள் வேண்டினர். கேலியாகக்கூடச் சிலர் பார்த்திருக்கக்கூடிய அந்தப் பிடிவாதம் அவர்களைக் காப்பாற்றியது. பிராடனும் பழைய அரிசியில் நஞ்சு உண்டாகிறது என்றே காரணம் கற்பித்தார். அவர் கொண்ட காரணம் பிழை. கண்ட உண்மை சரி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது. பெரிபெரியினின்று தப்பியதால் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நலமாக வாழ்ந்தனர் என்று யாரும் கருத வேண்டாம். மலேரியாவும் வயிற்றுக் கடுப்பும் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. ஒரு வாயிலை மட்டும் புழுங்கலரிசி அடைத்திருந்தது.

பிராடன் சொன்னதை நேரே சோதித்தவர் பிளெச்சர் என்னும் மருத்துவர். 1905-ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி, ஒருவர் விட்டு ஒருவராகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சயாம் வெள்ளரிசியும் மறுபாதிக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பக்கத்துக்குச் சுமார் 120 பேர். ஓராண்டு முடிவதற்குள் வெள்ளரிசி உண்டவர்களுள் நோய் பரவி 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களுள் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. இடத்தின் குற்றமோ என்று ஐயுற்று, இடையில் இரு பிரிவினரின் விடுதிகளையும் மாற்றிப் பார்த்தார். நோய் இடத்தோடு நிற்கவில்லை, அரிசியோடு போயிற்று. தம் நிலையைத் தாமே எடுத்துச் சொல்ல இயலாதவர்கள்மீது செய்த சோதனை இது; இன்றைய மருத்துவ நெறி இதனை ஒப்புக்கொள்ளாது. பிறகு பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், காட்டிடையே சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவா தொழிலாளரிடையே இதே ஆராய்ச்சியை நடத்தி, 1909-இல் முடிவை வெளியிட்டனர். முடிவு மாறவில்லை.

தவிட்டில் இருந்த பொருளை 1926-இல் அதே பத்தேவியாவில் ஜான்சன், டோனத் என்னும் இருவர் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். இன்று அதைத் தயமின் என்கிறோம். உயிர்ச்சத்து பி-1 என்றும் சொல்வதுண்டு. 1929-இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. தயமின் நீரில் கரையக்கூடியது. அந்த ஒரு குணத்தில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் நீரோடு கரைந்து அரிசியின் உட்புறத்துக்குள் ஊர்ந்து சென்று தங்கிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் பெரும்பகுதி உள்ளேயே நிற்கும். பச்சரிசியில் அது வெளிப்புறத்திலேயே இருப்பதால் தவிட்டோடு போய்விடுகிறது. எஞ்சியதும் களைந்த நீரிலும் வடித்த கஞ்சியிலும் கழிகிறது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று இருந்தது. குன்னூரில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் மக்கரிசனும், 1935-க்குப் பின் அவரைத் தொடர்ந்த அய்க்ராய்டும் நெடுங்காலம் அரிசியை ஆராய்ந்தனர். பழைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி எங்கே இருந்தது என்று பார்த்தால், அது பெரும்பாலும் வடசர்க்கார் கடற்கரையில், ஆலைப் பச்சரிசியை முதன்மையாக உண்ட மக்களிடையே இருந்தது. தெற்கே தமிழ் மாவட்டங்களில், அதே வறுமை இருந்தும், அந்நோய் அரிதாக இருந்தது. இங்கே பச்சரிசி உண்ட வசதியான குடும்பங்களுக்குப் பருப்பும் காய்கறியும் அக்குறையை ஈடு செய்தன. பருப்புக்கு வழியில்லாதவனுக்கோ புழுங்கலரிசியைத் தவிர வேறு காப்பு இல்லை.

இக்காப்பு எவ்வளவு மெல்லியது என்பதை இரண்டாம் உலகப் போர் காட்டிற்று. 1942-இல் ஜப்பானியர் மலாயாவையும் பர்மாவையும் கைப்பற்றினர். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அவர்கள் காட்டை ஊடுருவிப் போட்ட இரயில் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது அவர்களுள் மிகப் பலர் உயிரோடு இல்லை. காலராவும் மலேரியாவும் சீதபேதியும் பட்டினியும் அடியும் அவர்களைக் கொன்றன. முகாம்களில் கிடைத்தது தீட்டிய வெள்ளரிசி. ஆகவே பெரிபெரியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. தாயும் மனைவியும் அறியாமலே தந்திருந்த கவசத்தை, வேண்டிய சோற்றை வேண்டிப் பெறும் உரிமையோடு சேர்த்தே அவர்கள் அங்கே இழந்திருந்தனர்.

இனி, உரலை விட்ட கதை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தஞ்சை முதலிய மாவட்டங்களில் அரிசி ஆலைகள் ஊருக்கு ஊர் வரலாயின. 1934-இல் காந்தியடிகள் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தை அமைத்தபோது அதன் செயலாளராக அமர்ந்தவர் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. ஆலையில் தீட்டிய அரிசியை அவர்கள் வன்மையாக எதிர்த்தனர். கைக்குத்தல் அரிசி உடலுக்கும் நல்லது, ஏழைப் பெண்ணுக்கும் பிழைப்பு என்றனர். இரண்டும் மெய்யே. எத்தனையோ கைம்பெண்கள் நாலு வீட்டில் நெல் குத்திக் கூலியாகக் கிடைத்த அரிசியையும் நொய்யையும் கொண்டு குழந்தைகளை வளர்த்தார்கள். ஆலையின் ஊதல் ஒலித்ததும் அவர்கள் வருவாய் நின்றது. அதற்காக எவரும் ஈட்டுத்தொகை கொடுக்கவில்லை. 1958-இல் கைக்குத்தல் தொழிலுக்கு இடம் விட்டு ஆலைகளை ஒழுங்குபடுத்த நடுவணரசு ஒரு சட்டம் இயற்றியது. 1997-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதற்கு வெகுமுன்பே உரல்கள் கொல்லைப்புறம் போய்விட்டன.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். கைக்குத்தலின் பெருமையைப் பேசியவர்களும் எழுதியவர்களும் பெரும்பாலும் ஆண்கள். உலக்கை பிடித்த பெண் எவளும் ஆலையைப் பழித்து நான் கேட்டதில்லை. விடியற்காலையில் எழுந்து, அன்றன்றைய அரிசியை அன்றன்று குத்தி, அதன் பிறகே அடுப்பு மூட்டிய தலைமுறைகளின் தோள்வலியை வள்ளைப் பாட்டின் இனிமை மறைத்துவிடக் கூடாது. உரலுக்குப் பதிலாக மண்ணாலும் மரத்தாலும் ஆன நெல் திரிகைகளைக் கிராமத் தொழிற் சங்கத்தார் பரப்ப முயன்றனர். உமியை மட்டும் நீக்கித் தவிட்டை விட்டுவைக்கும் கருவி அது. உழைப்பும் குறையும், சத்தும் நிற்கும். நல்ல எண்ணம்தான். ஆயினும் அரை மணி நேரத்தில் மூட்டையை அரைத்துத் தரும் இயந்திரத்தின் எதிரே அது நிற்க முடியவில்லை.

என் கருத்தைக் கேட்டால், உரல் போனதற்காக நான் வருந்தமாட்டேன். காக்கப்பட வேண்டியது அவிப்பு, அது போகவில்லை. தமிழ்நாட்டு மக்கள் புழுங்கலரிசியே வேண்டும் என்று நின்றதால், ஆலைக்காரர்களும் தொட்டி கட்டி நெல்லை ஊறவைத்து அவிக்கத் தொடங்கினர். ஆலை வந்தும் அதன் பின்னால் பெரிபெரி இங்கே கூட்டமாக வராமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம். தொடக்கத்தில் ஆலைத் தொட்டிகளில் நெல் நாட்கணக்கில் ஊறி, தெருவே நாறியது. பழைய வீட்டுக்காரிகள் நீரை மாற்றியதுபோல் அங்கே யார் மாற்றுவார்? 1950-இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், ஏறத்தாழ 65 முதல் 70 டிகிரி வெப்பமுள்ள நீரில் ஊறவைத்தால் மூன்று நான்கு மணி நேரமே போதும் என்று காட்டினர். நாற்றமும் தொலைந்தது, காலமும் மிஞ்சியது.

1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையை ஒட்டி ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. மழையில் நனைந்த குறுவை நெல்லைக் கெடாமல் காப்பது எப்படி என்பதே அதன் முதல் கேள்வி. ஐப்பசி மழையில் வீட்டுப் பெண்ணை அடுப்பண்டை துரத்திய அதே கேள்வி. பின்னர் அது தஞ்சாவூருக்கு மாறி, வளர்ந்து, இன்று தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்குகிறது. அவித்த நெல்லை இரண்டு கட்டமாக உலர்த்தி இடையில் ஆறவிடவேண்டும் என்பது இன்று ஆலைகளுக்கு வகுக்கப்பட்ட முறை. ஈரத்தை அளக்க மின்கருவி இருக்கிறது. பாட்டியின் பல்லுக்கு வேலையில்லை.

டெல்டா மாவட்டங்களில் பெரிய ஆலை ஒன்றைப் பார்க்கச் செல்கிறவர்கள், பளபளக்கும் இயந்திரங்களைத் தாண்டிப் பின்புறம் போனால் கொதிகலனைக் காணலாம். நெல்லை அவிக்கும் ஆவி அங்கிருந்துதான் குழாய் வழியே வருகிறது. ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்து அதில் அள்ளிப் போடுவது, முந்தைய நாள் அரைத்த நெல்லின் உமி.